உயிரிப்பொருள் அச்சு மின்னணுவியல்

உயிரிப்பொருள் அச்சு மின்னணுவியல் என்பது மரநார், பட்டு, அரக்கு, மாவுப்பொருள் போன்று உயிரினங்களிடமிருந்து கிடைக்கும் பொருட்களைப் பயன்படுத்தி, வளையக்கூடிய மின்சுற்றுகளை அச்சு முறையில் ஆக்கும் நுட்பம் ஆகும். இப்பொருட்கள் சுற்றைத் தாங்கும் அடித்தளமாகவோ, மையில் சேரும் கூறாகவோ, மேற்பூச்சாகவோ அமையலாம். நெகிழ் மின்னணுவியல், அச்சு மின்னணுவியல், மட்கும் பொருளியல் ஆகிய மூன்று துறைகளும் சந்திக்கும் இடமாக இதனைக் கருதலாம்.

கணினி, செல்பேசி போன்றவற்றில் உள்ள சிலிக்கான் சில்லுகளுக்கு மாற்றாக இந்நுட்பம் முன்வைக்கப்படுவதில்லை. உணவுப் பொதியின் மீது ஒட்டப்படும் வெப்பநிலைப் பட்டை, ஒருமுறை மட்டும் பயன்படும் மருத்துவச் சோதனைத் தாள், பொருட்களை அடையாளம் காட்டும் வானலைச் சீட்டு ஆகியவை இதன் முதன்மையான இலக்குகள். சில நாட்களோ வாரங்களோ பயன்பட்டபின் எறியப்படும் இக்கருவிகள், எறியப்பட்ட பிறகு என்னவாகும் என்பதே இத்துறையின் அடிப்படைக் கேள்வி.

பின்னணி

ஐக்கிய நாடுகள் அவையின் அமைப்புகள் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு உண்டானது. அதில் 22.3 விழுக்காடு மட்டுமே முறைப்படி திரட்டப்பட்டு மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியுள்ளது. பெரிய கருவிகளைத் திரட்டிப் பிரிப்பதே இவ்வளவு கடினமாக இருக்கையில், தபால்தலை அளவுள்ள ஓர் உணரியை யாரும் தேடியெடுத்து மறுசுழற்சிக்கு அனுப்பப்போவதில்லை. அது குப்பையோடு குப்பையாகச் சேரும். எனவே இத்தகைய கருவிகளைத் திரட்டாமலே விட்டாலும் தீங்கு நேராதபடி செய்ய இயலுமா என ஆய்வாளர்கள் ஆராயத் தொடங்கினர்.

வழக்கமான மின்சுற்றுப் பலகை, கண்ணாடி இழையும் எப்பாக்சிப் பிசினும் கலந்த தட்டின் மீது செப்புத் தகட்டை ஒட்டி, வேண்டாத செம்பை வேதிப்பொருளால் அரித்து நீக்கிச் செய்யப்படுகிறது. இது கழித்தல் முறை. அச்சு மின்னணுவியலோ கூட்டல் முறை: தேவையான இடத்தில் மட்டும் பொருள் இடப்படுகிறது. இதனால் அரிக்கும் நீர்மங்களும் வீணாகும் உலோகமும் குறைகின்றன. ஆயினும் அடித்தளம் பெட்ரோலியத்திலிருந்து பெறப்பட்ட நெகிழியாகவும், மை வெள்ளியாகவும் இருக்கும்வரை கழிவுச் சிக்கல் முழுமையாகத் தீராது.

வரலாறு

ஆஸ்திரியப் பொறியாளர் பால் ஐஸ்லர் 1936-இல் இலண்டனில் அச்சுச் சுற்றுடன் கூடிய வானொலிப் பெட்டி ஒன்றைச் செய்தார். 1968-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் பீட்டர் பிராடியும் உடன் பணியாற்றியவர்களும் தாளின் மீது மென்படலத் திரிதடையங்களை ஆக்கிக் காட்டினர். 1974-இல் மக்கினஸ், கோரி, பிராக்டர் ஆகிய மூவர், தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்னும் உயிரிப்பொருள் மின்னழுத்தத்திற்கு ஏற்பக் கடத்துநிலையை மாற்றிக்கொள்வதை அறிவித்தனர்.

பல்லுறுப்பிகளும் மின்சாரத்தைக் கடத்தும் என்பது 1977-இல் ஆலன் ஹீகர், ஆலன் மக்டயார்மிட், ஹிடெக்கி ஷிரகாவா ஆகியோரின் ஆய்வால் உறுதியானது. இதற்காக அவர்களுக்கு 2000-ஆம் ஆண்டின் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. கரைத்து மையாக்கக்கூடிய மின்பொருட்கள் என்ற எண்ணம் இதன்பின் வலுப்பெற்றது.

2008-இல் போர்ச்சுக்கல்லில் எல்விரா போர்த்துனாத்தோ, ரொட்ரிகோ மார்ட்டின்ஸ் ஆகியோரின் குழு, தாளையே திரிதடையத்தின் மின்காப்பு அடுக்காகவும் தாங்கியாகவும் பயன்படுத்தியது. அதுவரை சுமைதாங்கியாக மட்டும் இருந்த தாள், சுற்றின் ஓர் உறுப்பாகவே செயல்படலாம் என்பதை இது காட்டியது. 2010-இல் ஜான் ராஜர்ஸ், பியோரென்சோ ஓமெனெட்டோ ஆகியோரின் குழுக்கள் பட்டுப் படலத்தின் மீது மிக மெல்லிய மின்வாய் வலையை அமைத்தன. ஈரத்தில் பட்டு கரைந்தபின் வலை மூளையின் மேடுபள்ளங்களோடு ஒட்டிப் படிந்தது. 2012-இல் மக்னீசியம், மெல்லிய சிலிக்கான், பட்டு ஆகியவற்றால் ஆன, நீரில் கரைந்து மறையும் மின்சுற்றை இவர்கள் வெளியிட்டனர். இவை அச்சிடப்பட்டவை அல்ல என்றாலும், குறித்த காலத்திற்குப் பின் மறையும் மின்னணுவியல் என்ற கருத்துக்கு வழிவகுத்தன.

வளைதலின் இயற்பியல்

ஒரு பொருள் வளைவதற்கு அது மென்மையானதாக இருக்க வேண்டும் என்பதில்லை. மெல்லியதாக இருந்தாலே போதும். ஒரு தாளை வளைக்கும்போது அதன் வெளிப்பக்கம் நீள்கிறது, உட்பக்கம் சுருங்குகிறது. வெளிப்பரப்பில் ஏற்படும் நீட்சி, தாளின் தடிப்பை வளைவு ஆரத்தின் இருமடங்கால் வகுத்தால் கிடைக்கும். 100 மைக்ரோமீட்டர் தடிப்புள்ள தாளை 5 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைத்தால் நீட்சி 1 விழுக்காடு. தடிப்பு 10 மைக்ரோமீட்டராக இருந்தால் அது 0.1 விழுக்காடு மட்டுமே. எளிதில் நொறுங்கும் பொருளும் போதிய அளவு மெல்லியதானால் உடையாமல் வளைவது இதனாலேயே. சுற்றை அடித்தளத்திற்கும் மேற்பூச்சுக்கும் நடுவில், நீட்சியும் சுருக்கமும் அற்ற தளத்தில் அமைப்பது மற்றொரு உத்தி.

அச்சு முறைகள்

இத்துறையில் பயன்படும் அச்சு முறைகளிற் பல, நூல்களும் பொதியுறைகளும் அச்சிடப் பயன்படுபவையே.

திரை அச்சு: துணிப்பைகளிலும் அழைப்பிதழ்களிலும் பயன்படும் அதே முறை. நுண்வலைத் திரையின் வழியே கெட்டியான மை ரப்பர் பட்டையால் அழுத்தி இறக்கப்படுகிறது. தடித்த படலம் கிடைப்பதால் கடத்துகோடுகளுக்கும் மின்கலங்களுக்கும் ஏற்றது.

மைப்பீச்சு அச்சு: சில பிக்கோலிட்டர் அளவுள்ள துளிகள் நுண்துளைகளிலிருந்து பீச்சப்படுகின்றன. மை நீரைப் போல் இளகியதாகவும், அதிலுள்ள துகள்கள் துளையை அடைக்காதபடி மிக நுண்ணியவையாகவும் இருத்தல் வேண்டும். அச்சுத்தட்டு தேவையில்லை, கணினியில் வரைந்த படத்தை நேரடியாக அச்சிடலாம்.

குழிவு அச்சு, நெகிழ்தட்டு அச்சு: உருளைகளின் வழியே தாள் சுருள் ஓடிக்கொண்டே இருக்க, மறுமுனையில் அச்சான சுருள் சுற்றிக்கொள்ளப்படுகிறது. பெருமளவு உற்பத்திக்கு ஏற்ற வேகமான முறை.

அச்சிட்ட துளி உலரும் விதமும் முக்கியமானது. மேசையில் சிந்திய காப்பித்துளி உலர்ந்ததும் அதன் விளிம்பு மட்டும் கருத்திருப்பதைக் காணலாம். விளிம்பில் நீர் விரைவாக ஆவியாவதால் நடுவிலிருந்து வெளிநோக்கி ஓட்டம் உண்டாகி, துகள்களை விளிம்புக்கு இழுத்துச் செல்கிறது. சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997-இல் இதனை விளக்கினர். மின்மையில் இதே விளைவு நேர்ந்தால் கோட்டின் நடுப்பகுதி மெலிந்து மின்தடை கூடும். வெவ்வேறு கொதிநிலை கொண்ட கரைப்பான்களைக் கலந்து இவ்வோட்டத்தைக் கட்டுப்படுத்துவர்.

பொருட்கள்

ஓர் அச்சுச் சுற்றுக்கு அடித்தளம், கடத்தி, குறைகடத்தி, மின்காப்புப் பொருள், பிணைப்பி, மேற்பூச்சு ஆகியன தேவைப்படும். இவற்றுள் உயிரிப்பொருட்கள் எங்கெங்குப் பொருந்துகின்றன என்பது கீழே தரப்பட்டுள்ளது.

அடித்தளம்

புவியில் மிகுதியாகக் கிடைக்கும் இயற்கைப் பல்லுறுப்பி செலுலோஸ் ஆகும். சாதாரணத் தாளில் மரநார்கள் சில பத்து மைக்ரோமீட்டர் அகலம் உடையவை. அவற்றின் இடையிலுள்ள காற்று ஒளியைச் சிதறடிப்பதால் தாள் வெண்மையாகத் தெரிகிறது. அதன் கரடான பரப்பும் மையை உறிஞ்சும் இயல்பும் நுண்கோடுகளை அச்சிட ஏற்றவை அல்ல. இதே நார்களைப் பிரித்து சில நானோமீட்டர் முதல் சில பத்து நானோமீட்டர் வரையிலான இழைகளாக்கி நெருக்கமாகப் படிய வைத்தால், ஒளி ஊடுருவும் வழவழப்பான நானோதாள் கிடைக்கிறது. சப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் நோகி, யானோ ஆகியோர் 2009-இல் இத்தகைய தாளை வெளியிட்டனர். சூட்டில் மிகக் குறைவாகவே விரிவடைவது இதன் சிறப்பு. அடித்தளம் விரியும் அளவும் அச்சிட்ட கோடு விரியும் அளவும் பெரிதும் வேறுபட்டால் கோடு விரிசலுறும்.

2015-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில் ஜென்சியாங் மா குழுவினர், அந்நாட்டு வனப்பொருள் ஆய்வகத்துடன் இணைந்து, நானோசெலுலோஸ் படலத்தின் மீது நுண்ணலைச் சுற்றுகளை அமைத்தனர். ஒரு சில்லின் பெரும்பகுதி வெறும் தாங்கியாகவே இருக்கிறது. செயல்படும் அடுக்கு மேலே மிக மெல்லியது. தாங்கியைச் செலுலோஸாக மாற்றினால் காலியம் ஆர்சனைடு போன்ற நச்சுத்தன்மையுள்ள பொருளின் அளவு பெரிதும் குறையும் என்பதை அவர்கள் காட்டினர். மரத்தை மட்கச் செய்யும் பூஞ்சை அப்படலத்தைச் சிதைத்ததையும் பதிவு செய்தனர்.

சோளம், கரும்பு ஆகியவற்றின் சர்க்கரையை நொதிக்கச் செய்து பெறப்படும் பாலிலாக்டிக் அமிலமும், பட்டும், இறால் ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசானும் பிற அடித்தளப் பொருட்கள் ஆகும்.

கடத்தி

உயிரினங்களிலிருந்து நேரடியாகப் பெறும் பொருட்களில் நல்ல கடத்திகள் இல்லை எனலாம். ஆகவே கரிமம் அல்லது மட்கும் உலோகங்கள் பயன்படுத்தப்படுகின்றன. இவ்விடத்தில் ஒரு கணக்கு உதவும். 10 சென்டிமீட்டர் நீளமும் 1 மில்லிமீட்டர் அகலமும் உள்ள கோட்டை 1 மில்லிமீட்டர் பக்கமுள்ள 100 சதுரங்களாகப் பிரிக்கலாம். திரை அச்சு வெள்ளி மையில் ஒரு சதுரத்தின் தடை ஓமின் நூற்றில் சில பங்குகளே. கோடு முழுவதற்கும் சில ஓம்கள்தாம். கரிம மையிலோ ஒரு சதுரத்திற்குச் சில பத்து ஓம்கள். கோடு முழுவதற்கும் ஆயிரக்கணக்கான ஓம்கள். மிகச்சிறு மின்னோட்டத்தில் இயங்கும் உணரிக்கு இது தடையன்று. வானலைச் சீட்டின் அலைவாங்கிக்கு இது பொருந்தாது. ஆற்றல் பெரும்பாலும் வெப்பமாக வீணாகிவிடும்.

துத்தநாகம், மக்னீசியம், இரும்பு ஆகியவை ஈரத்தில் அரிந்து கரையக்கூடிய உலோகங்கள். ஆனால் அவ்வியல்பே அச்சிடுதலுக்கு இடையூறாகிறது. துகள்களின் மேல் ஆக்சைடு படிந்துவிடுவதால் அவை ஒன்றோடொன்று தொட்டிருந்தும் மின்சாரம் பாய்வதில்லை. வெள்ளி மையைப் போல் சூடாக்கி இணைக்க முயன்றால் தாள் கருகும் அல்லது நெகிழி இளகும். எனவே நீர்த்த அமிலத்தால் ஆக்சைடை நீக்குதல், நொடிப்பொழுது ஒளிவீச்சால் மேற்பரப்பை மட்டும் சூடாக்குதல் ஆகிய வழிகள் கையாளப்படுகின்றன.

மை இன்றியே கோடு வரையும் முறையும் உண்டு. ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டூர் குழுவினர் லேசர் கதிரால் பரப்பைக் கருக்கி, மின்கடத்தும் கிராஃபீன் நுரையாக மாற்றும் முறையை 2014-இல் நெகிழியிலும், பின்னர் மரத்திலும் செய்து காட்டினர். 2018-இல் தாள், துணி, ரொட்டி, உருளைக்கிழங்கு, தேங்காய் ஓடு ஆகியவற்றின் மீதும் இம்முறை வெற்றி பெற்றது.

குறைகடத்தியும் மின்காப்பும்

ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் மிகாய் இரிமியா-விளாது, சீக்பிரீட் பவர் ஆகியோரின் குழு, இயற்கையில் உள்ள பொருட்களாலேயே திரிதடையம் ஆக்க முயன்றது. டி.என்.ஏ.-யின் கூறுகளான அடினின், குவானின் ஆகியவை மின்காப்பாகவும், காரட்டுக்கு நிறம் தரும் பீட்டா-கரோட்டின் குறைகடத்தியாகவும் ஆராயப்பட்டன. 2012-இல் இக்குழு, அவுரிச் செடியிலிருந்து தொன்றுதொட்டுப் பெறப்பட்டுவரும் நீலச்சாயமான இண்டிகோ ஒரு குறைகடத்தி என்பதை நிறுவியது. இண்டிகோ மூலக்கூறுகள் ஐதரசன் பிணைப்புகளால் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதால் மின்னூட்டம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிச் செல்கிறது. எதிர்மின்னிகளும் நேர்த்துளைகளும் ஏறக்குறைய ஒரே அளவில் நகர்வது இதன் தனித்தன்மை. அந்நகர்திறன் ஏறத்தாழ 0.01 சதுர சென்டிமீட்டர்/வோல்ட்-நொடி ஆகும். ஒற்றைப் படிகச் சிலிக்கானில் எதிர்மின்னிகளின் நகர்திறன் சுமார் 1400. இவ்விடைவெளியே இயற்கைக் குறைகடத்திகளின் எல்லையைக் காட்டுகிறது.

மேலும் இண்டிகோ பெரும்பாலான கரைப்பான்களில் கரைவதில்லை. மேற்கண்ட ஆய்வில் அது வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைக்கப்பட்டது. சாயத்தொழிலில் இண்டிகோவை நிறமற்ற கரையும் வடிவாக மாற்றி, துணியில் ஏறியபின் காற்றால் மீண்டும் நீலமாக்குவது வழக்கம். அதே போக்கில், கரையத் தக்க வேதித்தொகுதியை மூலக்கூறுடன் இணைத்து, படலமான பின் சூட்டால் அதனை நீக்கும் வழிகள் ஆராயப்பட்டுள்ளன.

பிணைப்பியும் மேற்பூச்சும்

துகள்களை ஒன்றோடொன்றும் அடித்தளத்தோடும் ஒட்டவைக்கும் பிணைப்பிகளில் அரக்கு குறிப்பிடத்தக்கது. மரக்கிளைகளில் வாழும் அரக்குப் பூச்சி சுரக்கும் இப்பிசின் இந்தியாவிலும் தாய்லாந்திலும் பெருமளவில் பெறப்படுகிறது. பழைய இசைத்தட்டுகள் இதனால் செய்யப்பட்டன. சாராயத்தில் கரையும், நீரில் கரையாது, நன்கு ஒட்டும் என்ற மூன்று இயல்புகளும் அச்சு மைக்குப் பொருத்தமானவை. சுவிட்சர்லாந்தின் எம்பா ஆய்வகம் 2021-இல் அரக்கில் கிராஃபைட்டும் கரித்தூளும் கலந்த கடத்து மையை வெளியிட்டது. ஈரத்தைத் தடுக்கும் மேற்பூச்சுக்கு அரக்கு, தேன்மெழுகு போன்றவை பயன்படுகின்றன.

எடுத்துக்காட்டுகள்

நீரால் இயங்கும் தாள் மின்கலம்: எம்பாவில் குஸ்தாவ் நீஸ்ட்ரம் குழுவினர் 2022-இல் இதனை வெளியிட்டனர். உப்பு ஏற்றிய தாள் துண்டின் ஒரு பக்கம் கிராஃபைட்டு மையும் மறுபக்கம் துத்தநாக மையும் அச்சிடப்பட்டன. உலர்ந்திருக்கும்வரை அது செயலற்றிருக்கும். இரு துளி நீர் பட்டதும் உப்பு கரைந்து அயனிகள் நகர, ஏறத்தாழ 20 நொடிகளில் மின்கலம் விழித்துக்கொள்கிறது. ஒரு கலத்தின் மின்னழுத்தம் சுமார் 1.2 வோல்ட். இரு கலங்களை இணைத்து ஒரு சிறு எண்முறைக் கடிகாரம் இயக்கப்பட்டது. தாள் உலர்ந்தால் திறன் குறையும். மீண்டும் நீரிட்டால் ஓரளவு திரும்பும். கிராஃபைட்டுப் பக்கத்தில் வினைபுரிவது காற்றிலுள்ள ஆக்சிசன் என்பதால், அதற்கென வேறு உலோகம் தேவைப்படவில்லை.

மீட்டெடுக்கக்கூடிய தாள் திரிதடையம்: 2021-இல் டியூக் பல்கலைக்கழகத்தில் ஏரன் பிராங்க்ளின் குழுவினர் கிராஃபீனைக் கடத்தியாகவும், கரிம நானோகுழாய்களைக் குறைகடத்தியாகவும், நானோசெலுலோஸ் படிகங்களை மின்காப்பாகவும் மையாக்கித் தாளில் அச்சிட்டனர். செலுலோஸ் மையில் சிறிதளவு சமையல் உப்பு சேர்த்தபோது திரிதடையத்தின் செயல்திறன் உயர்ந்தது. பயன்படுத்தியபின் நீர்மத் தொட்டிகளில் அமிழ்த்தி மீயொலியால் அதிர்வூட்டி, கிராஃபீனும் நானோகுழாய்களும் ஏறத்தாழ முழுமையாக மீட்கப்பட்டன. தாளை வழக்கம்போல மறுசுழற்சிக்கு அனுப்பலாம்.

குறைபாடுகளும் விவாதங்களும்

செலுலோஸ், பட்டு, கைட்டோசான் ஆகிய யாவும் நீரை ஈர்ப்பவை. ஈரப்பதம் ஏறும்போது அடித்தளம் வீங்கி, மின்தடையும் மின்தேக்கமும் மாறுகின்றன. மேற்பூச்சால் ஈரத்தைத் தடுத்தால் மட்குதலும் தாமதமாகும். பயன்பாட்டின்போது நிலைத்திருக்க வேண்டும், பின்னர் விரைந்து சிதைய வேண்டும் என்ற இரு தேவைகளும் ஒன்றுக்கொன்று முரணானவை. இத்துறையின் பொறியியல் பெரும்பாலும் இம்முரணைச் சமன்செய்வதே ஆகும்.

'உயிரிப்பொருள்', 'மட்கும் பொருள்' என்ற இரு சொற்களும் ஒரே பொருள் தருவன அல்ல. பாலிலாக்டிக் அமிலம் தாவரத்திலிருந்து வருவதாயினும், ஏறத்தாழ 60 பாகை செல்சியஸ் வெப்பநிலை பேணப்படும் தொழில்முறை உரக்கிடங்குகளில்தான் விரைவாக மட்கும். கடல்நீரிலும் குளிர்ந்த மண்ணிலும் நெடுங்காலம் அப்படியே கிடக்கும். மறுபுறம், தாளின் மீது வெள்ளி மையால் அச்சிட்ட கருவியில் எடையின் பெரும்பகுதி மட்கும்; எஞ்சும் வெள்ளியோ மண்ணிலும் நீரிலும் உள்ள நுண்ணுயிர்களுக்குத் தீங்கானது, உரத்திலிருந்து மீட்கவும் முடியாதது. அடித்தளத்தை மட்டும் மாற்றிவிட்டுக் கருவி முழுவதையும் 'பசுமையானது' என அழைப்பது இக்காரணத்தால் பொருந்தாது.

மட்கும் உலோகமும் அளவுக்கு உட்பட்டதே. மட்கும் பொதியுறைகளுக்கான ஐரோப்பியத் தரநிலை 13432, ஒரு கிலோகிராம் பொருளில் 150 மில்லிகிராம் துத்தநாகத்தையே அனுமதிக்கிறது. இவ்வளவையை 1 கிராம் எடையுள்ள தாள் சீட்டுக்குப் பொருத்தினால் வரம்பு 0.15 மில்லிகிராம் ஆகும். 10 சென்டிமீட்டர் நீளம், 1 மில்லிமீட்டர் அகலம், 10 மைக்ரோமீட்டர் தடிப்பு கொண்ட ஒரேயொரு திண்மத் துத்தநாகக் கோட்டின் எடையே சுமார் 7 மில்லிகிராம். அதாவது வரம்பைப் போல் 40 மடங்கிற்கு மேல். துத்தநாகம் செடிகளுக்குத் தேவையான ஊட்டம் என்பது உண்மை. ஆயினும் உரக்குவியலில் இத்தகைய சீட்டுகள் மிகும்போது அது ஊட்டமாக நில்லாமல் மாசாக மாறும்.

நானோசெலுலோஸ் ஆக்கத்திற்கு நார்களைப் பிரிக்கும் ஆற்றலும் நீரும் மிகுதியாகத் தேவை. எனவே ஒரு கருவி சூழலுக்கு உகந்ததா என்பதை அதன் மூலப்பொருளைக் கொண்டு மட்டும் முடிவு செய்ய இயலாது. மூலப்பொருள் பெறுவது முதல் எறிவது வரையிலான வாழ்க்கைச்சுழல் கணக்கு தேவைப்படுகிறது. அக்கணக்கில் முதற்கேள்வியாக வருவது, அப்பொதியின் மீது மின்னணுச் சீட்டு உண்மையில் வேண்டுமா என்பதாகும். உணவு கெடுவதையோ மருந்து வீணாவதையோ தடுக்கும் உணரி, தன் ஆக்கத்திற்கான செலவை ஈடுசெய்யக்கூடும். வெறும் கவர்ச்சிக்காக ஒளிரும் அட்டை, எப்பொருளால் செய்யப்பட்டாலும் அவ்வாறு ஈடுசெய்வதில்லை.